மஞ்சள் ஸ்டிக்கருக்குக் கீழே

அன்புள்ள தம்பிக்கு,

இதைக் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் எழுதி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாய். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று நானும் அப்பாவும் ஒரு பின்னேரம் முழுக்க விவாதிப்போம். வாசித்தாயா, வாசிக்காமலே அமத்தினாயா, கோபமா, சம்மதமா, ஒன்றும் பிடிபடாது. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. அது முடிந்த கையோடு நீயும் ஆரணியும் ஹலிஃபக்ஸுக்கு வீடு மாறுகிறீர்கள். அதற்கு முன்னர் உனக்கு நான் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருபது வருடமாகப் பாக்கி கிடக்கிறது. அது பாக்கி கிடக்கிறது என்பதே எனக்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் தெரிய வந்தது. நேரில் சொல்லலாம் என்றால், நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கி ஒன்பதைச் சொல்லி முடிக்கிறவள் என்று உனக்குத் தெரியும். எழுதினாலும் அப்படித்தான் வரப்போகிறது. ஆனால் எழுத்தென்றால் நீ இடையில் எழும்பித் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாசிக்கலாம்.

முதலில் உன் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். போன மாதம் போன் எடுத்து, சுற்றி வளைத்து, கடைசியில் "அம்மா, ப்ளீஸ், ரிசெப்ஷனில ஜாஸ் மட்டும் வேண்டாம்" என்றாயே, அதற்கு நான் "ஓம் ஓம், பாப்பம்" என்று இழுத்தேன். இப்போது எழுத்திலே தருகிறேன்: வேண்டாம். டீஜே பெடியன் என்ன போடுகிறானோ அதற்கு நானும் எழும்பி ஆடுவேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுவேன், நீதான் வெட்கப்படுவாய். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் என்று நான் எழுதி வைத்திருந்த பன்னிரண்டு பாட்டுகளின் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டேன். (கிழிக்கவில்லை. மடித்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஆரணி கேட்டால் கொடுப்பேன்.)

உன் அம்மாவுக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். நீ பிறந்து இரண்டு வருடத்தில் அந்தப் பழைய சாமான் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள். சனங்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து போடுகிற உடுப்பு, பாத்திரம், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் பிரித்து, பார்த்து, விலை ஸ்டிக்கர் ஒட்டி முன்னுக்கு அனுப்ப வேண்டும். எனக்குக் கிடைத்தது மின்சாரச் சாமான் மேசை. டோஸ்டர் சூடாகிறதா, விளக்கு எரிகிறதா, இசைத்தட்டுப் போடுகிற பெட்டி சுற்றுகிறதா என்று சோதிப்பதுதான் வேலை. அந்தப் பெட்டியைச் சோதிக்க ஒரு தட்டு வேண்டுமே. பக்கத்து மேசையில் வந்து குவிகிற தட்டுகளில் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்துப் போடுவேன். ஒரு மாதம் இயேசு பிறந்த நத்தார்ப் பாட்டு, ஒரு மாதம் யாரோ ஒருவர் யோகா சொல்லிக் கொடுக்கிறார். ஒரு நாள் அட்டையில் ஆள் இருக்காத மஞ்சள் கதிரை ஒன்று மட்டும் இருந்த ஒரு தட்டைப் போட்டேன். ஒருவர் பியானோவில் ஏதோ நினைத்துக்கொண்டு இருக்கிறார். இன்னொருவர் பின்னால் நின்று அதற்கு ஆமாம், ஆமாம் என்று ஓம் போடுகிறார். பிறகு மற்றவர் நினைக்கத் தொடங்க, முதலாமவர் ஓம் போடுகிறார். ஒரு சொல் இல்லை. எனக்கு அந்த நாட்களில் ஆங்கிலம் அவ்வளவாக வராது. கடையில் யார் எது கேட்டாலும் பாதி விளங்காது, விளங்காததற்கும் சேர்த்துச் சிரித்து வைப்பேன். இந்த நாட்டில் ஒரு சொல்லும் விளங்கத் தேவையில்லாமல் எனக்கு முழுவதும் விளங்கிய முதல் விஷயம் அதுதான். பெட்டி ஒழுங்காகச் சுற்றுகிறது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. நான் இரண்டு பக்கமும் முடியும்வரை சோதித்தேன்.

அதற்குப் பிறகு நான் திருந்தவில்லை. பெயர்களை உச்சரிக்க வராததால் தட்டுகளுக்கு நானே பெயர் வைத்தேன். மஞ்சள் கதிரை, பல்லுக்குத்திக்காரர், கோபக்கார அக்கா, மழைக்கோட்டு. உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். முன்னுக்குத் தெரிகிறதை எல்லோரும் எடுப்பார்கள், நீ முழங்காலில் இருந்து அடிப்பெட்டியைப் பார் என்று உனக்கு ஐந்து வயதிலேயே பழக்கினேன். பெரிய எழுத்தில் பெயர் இருக்கிறவரைப் பிறகு பார்க்கலாம், பின் அட்டையில் சின்ன எழுத்தில், டிரம்ஸ் அடித்தவர், பேஸ் வாசித்தவர் என்று இருக்கிறதல்லவா, அந்தப் பெயர்களைத் தேடிப் போ என்பேன். அப்படி ஒருவர் முப்பது தட்டில் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, வாழ்நாளில் ஒரே ஒரு தட்டைத் தன் பெயரில் போட்டிருப்பார். அதை நூறு பேர்கூட வாங்கியிருக்க மாட்டார்கள். அது ரெக்ஸ்டேல் பக்கம் ஏதோ ஒரு தேவாலய நிலக்கீழ் அறையில், பழைய சமையல் புத்தகங்களுக்கு நடுவில் கிடக்கும். அதை உருவி எடுக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? யாரோ இருபது வருடமாக வாசலில் நின்று மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார், நான்தான் முதன்முதலாகக் கதவைத் திறந்திருக்கிறேன் என்று தோன்றும். முதல் பாட்டில் ஒரு தட்டை எடை போடாதே, இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டில்தான் ஆட்கள் தங்களை மறந்து வாசிப்பார்கள் என்றும் உனக்குச் சொல்லித் தந்தேன். இதெல்லாம் நல்ல பாடங்கள்தான். அவற்றில் ஒன்றையும் நான் இன்று மாற்றமாட்டேன்.

என் வியாதி கண்டுபிடிப்பதில் இல்லை, பகிர்வதில். எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் மற்றவர்களுக்கும் பிடித்தே ஆகவேண்டும். டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக்கு வந்த ஒருவரும் தேநீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியதில்லை. பிறந்தநாளுக்கு வந்தவர்கள், செத்தவீட்டுக்குப் போகிற வழியில் எங்களை ஏற்ற வந்தவர்கள், தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர், எல்லோரையும் கதிரையில் இருத்தி ஒரு பாட்டாவது போட்டிருக்கிறேன். போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் பரவாயில்லை. "இப்ப வரும் பாருங்கோ, இப்ப வரும், வந்திட்டுது!" என்று வரப்போவதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அப்பா இதற்குப் பயந்து, விருந்தினர் வருகிற நேரம் பார்த்துக் குப்பை கொண்டுபோகக் கீழே இறங்கிவிடுவார். ஒரு பை குப்பைக்கு நாற்பது நிமிடம் எடுக்கும். அவர் லிஃப்ட் வரவில்லை என்பார்.

இப்போது தொப்பிக்காரர்கள் என்று நான் பெயர் வைத்த தட்டுக்கு வருகிறேன். நீ இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடக் கூடும். வைத்துவிடாதே, ராசா.

அந்தத் தட்டு கடைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அட்டையில் ஐந்து பேர், பனிக்குள், ஒரு ஆணி விற்கிற கடைக்கு முன்னால், ஆளுக்கொரு தொப்பியோடு நிற்கிறார்கள். நடுவில் நிற்கிற மெலிந்த மனிதர் கையில் சாக்ஸபோன். எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை. தட்டின் நடுவட்டத்தில்கூட ஒரு எழுத்தில்லை, யாரோ கையால் வரைந்த ஒரு தொப்பிதான் இருந்தது. ஏதோ ஒரு சின்ன ஊரில் ஐந்து பேர் தங்கள் கைக்காசைப் போட்டுச் செய்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்து முடித்த தட்டு. அதைப் பற்றி ஒரு புத்தகத்திலும் இல்லை, பிறகு இணையத்தில் தேடியும் கிடைக்கவில்லை. போட்டுப் பார்த்தால், கடவுளே, என்ன ஒரு ஆறுதல்! சாக்ஸபோன் அடி வயிற்றிலிருந்து வருகிறது. ஒரு சுரத்தை விட்டு அடுத்த சுரத்துக்குப் போக அவருக்கு மனமே வரவில்லை. அவசரம் என்பதையே அறியாத ஐந்து மனிதர்கள் என்று நினைத்தேன். வேலைக்கு ஓடி, பஸ்ஸுக்கு ஓடி, உன்னைப் பள்ளிக்கூடத்தில் எடுக்க ஓடி, ஓடியே தேய்ந்த எனக்கு அது மருந்து மாதிரி இருந்தது. என் வாழ்க்கையில் நான் கண்டெடுத்த மிகச் சிறந்த தட்டு இதுதான் என்று முடிவு கட்டினேன். சீடி அடிக்கத் தெரிந்த ரெக்ஸ்டேல் குமார் அண்ணையைப் பிடித்து அதை சீடியில் பதியவைத்து, இருபத்தைந்து பிரதி எடுத்து, கண்டவர் கையிலெல்லாம் திணித்தேன்.

எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். நான் நம்பினேன்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட பாண்டில் உனக்கு ஆல்ட்டோ சாக்ஸபோன் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உன் தோளை விடப் பெரிய பெட்டியில் அதை வைத்துக்கொண்டு நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதை நான் யன்னலால் பார்த்துப் பெருமைப்படுவேன். வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை, ஆனால் என் தட்டுகளின் பின் அட்டையில் சின்ன எழுத்தில் உன் பெயர் வருவதாக மனதுக்குள் அச்சடித்தே வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குமார் அண்ணையும் மனைவியும் வந்திருந்தார்கள். றோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். தொப்பிக்காரர்களைப் போட்டுவிட்டு நான் நடுவீட்டில் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். நீ நிலத்தில் இருந்து அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். தட்டைப் பார்த்தாய். காதைக் கொடுத்துக் கேட்டாய். பிறகு சொன்னாய்:

"அம்மா, இது ரோங்."

நான் கேளாதது மாதிரி இருந்தேன். நீ விடவில்லை.

"படத்தில அவர் வச்சிருக்கிறது ஆல்ட்டோ, அம்மா. என்ரை சாக்ஸ் மாதிரியே. ஆல்ட்டோ இவ்வளவு கீழ போகாது. நான் ட்ரை பண்ணிப் பாத்தனான், அந்த நோட் அதில இல்லை. அது..."

நீ முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை. "ரெண்டு மாசம் பீப்பீ ஊதின உடனை நீ பெரிய வித்துவானோ? பெரியாக்கள் கதைக்கேக்கை வாயைப் பொத்திக்கொண்டு இரு" என்றேன். குமார் அண்ணை சிரித்தார். அவர் கெட்ட மனத்தோடு சிரிக்கவில்லை, வாயில் றோல்ஸ் இருந்தது, என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார். ஆனால் சிரிப்பு சிரிப்புத்தான். உன் முகம் சிவந்தது. அட்டையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாய். நான் ஊசியைத் தூக்கி, பாட்டை முதலிலிருந்து மறுபடி போட்டேன்.

அடுத்த கிழமை நீ சாக்ஸபோனைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாய். ஏனென்று கேட்டேன். "பஸ்ஸில காவ ஏலாது, பாரம்" என்றாய். சரியென்று விட்டுவிட்டேன். தம்பி, அது பாரத்தால் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் உன் பொய்யை நான் வசதியாக நம்பிக்கொண்டேன், ஏனென்றால் மற்றக் காரணம் நான்தான்.

அதன் பிறகு நீ இசையை விடவில்லை. என்னை விட்டுவிட்டாய். காதில் வயரை மாட்டிக்கொண்டாய், பிறகு வயர் இல்லாததை மாட்டிக்கொண்டாய். என்ன கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் நீ புதிதாக லைசன்ஸ் எடுத்து, என்னை ஒஷாவாவில் சரோ அன்ரி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய், ஞாபகமா? கார் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பாட்டு பாதியிலிருந்து தொடங்கியது. ஒரு பெண்குரல், பின்னால் ஏதோ ஊதுகிறது, எனக்கு உடனே பிடித்துவிட்டது. "என்ன தம்பி அது?" என்று ஆவலோடு கேட்டேன். "சும்மா" என்று சொல்லி நிற்பாட்டிவிட்டாய். ஒஷாவா வரும்வரை ட்ராஃபிக் செய்தி கேட்டோம். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் "இதைக் கேளுங்கோ, இதைக் கேளுங்கோ" என்று திரிந்தவளுக்கு, பெற்ற பிள்ளை ஒரு நாளாவது "அம்மா, இதைக் கேளுங்கோ" என்று சொன்னதில்லை. அந்தக் கவலையை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் வளர்ந்தால் அப்படித்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பிறகு ஆரணி வந்தாள். போன மாசி மாதம் நான் அவளை ஒரு தேவாலய விற்பனைக்குக் கூட்டிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். என்னோடு அடிப்பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். நல்ல கால்சட்டை, புழுதி பட்டுவிடும் என்றேன், பரவாயில்லை என்றாள். ஒரு தட்டைத் தூக்கி, "அன்ரி, இவவின்ரை கண்ணாடி எங்கடை அம்மான்ரை கண்ணாடி மாதிரியே இருக்கு, இதை எடுப்பமா?" என்று கேட்டாள். ஒரு தட்டை எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் நான் கேள்விப்பட்டதில்லை. நீ யோசிக்காமல் கட்டு என்று அன்றைக்கே மனதுக்குள் சம்மதம் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: "அன்ரி, உங்கடை மகனோடை காரில போகேலாது. ஒரு பாட்டைப் போட்டிட்டு, வெயிட், வெயிட், இப்ப வரும், இப்ப வரும் எண்டு ஒரே அலுப்பு. ஆருக்கும் தெரியாத பாண்டுகளாத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வருவார். பிடிக்கேல்லை எண்டு சொன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டிருப்பார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னுடைய கிறுக்கு உனக்குள் பத்திரமாக இருக்கிறது, எனக்குக் காட்டத்தான் உனக்கு மனமில்லை.

அந்த நினைப்பில்தான் உங்கள் கல்யாணப் பரிசாகத் தொப்பிக்காரர்களையே தந்துவிடுவது என்று முடிவு செய்தேன். காசு வைத்த என்வலப்பும் தருவோம், பயப்படாதே. ஆனால் என் கையால் தருவது என்னிடம் உள்ளதில் சிறந்ததாக இருக்க வேண்டும் என்று பட்டது. நீ ஒரு காலத்தில் பிழை சொன்ன தட்டு, கேட்டுக் கேட்டுப் பழகினால் உனக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன். பார், அப்போதும் நான் திருந்தவில்லை. மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை காலை, அட்டையை மேசையில் வைத்துத் துடைத்தேன். பின்பக்கத்தில், கீழ் மூலையில், கடையின் மஞ்சள் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. ஒட்டியது நான்தான். ஸ்டிக்கர் முன்பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும் என்பது கடைச் சட்டம். அந்த ஐந்து பேரில் ஒருவரின் முகத்தையும் மறைக்க மனம் வராமல், சட்டத்தை மீறிப் பின்னால் ஒட்டினேன். பரிசாகக் கொடுக்கிற சாமானில் விலை இருக்கக் கூடாதே என்று, தலைமயிர் காயவைக்கிற மெஷினால் சூடு காட்டி மெதுவாக உரித்தேன். கீழே சின்னதாக ஒரு வரி அச்சடித்திருந்தது. நாற்பத்தைந்து சுற்றில் போடவும்.

உனக்கு இது உடனே விளங்கிவிடும். ஆரணிக்கு வாசித்துக் காட்டினால் இதையும் சொல்லு: பெரிய தட்டுகள் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று தரம் சுற்றும், சின்னத் தட்டுகள் நாற்பத்தைந்து தரம். எங்கோ ஒன்றிரண்டு பேர் பெரிய தட்டையே நாற்பத்தைந்தில் செய்வார்கள், சத்தம் துலக்கமாக இருக்கும் என்பதற்காக. இதை நான் இருபது வருடமாக முப்பத்து மூன்றில் போட்டிருக்கிறேன். பாட்டு இழுபட்டிருக்கிறது. சுரமெல்லாம் கீழே இறங்கியிருக்கிறது. ஆல்ட்டோவில் இல்லாத சுரம் ஆல்ட்டோவிலிருந்து வந்திருக்கிறது. நான் மருந்தென்று நினைத்த அந்த ஆறுதலை அந்த ஐந்து பேரும் வாசிக்கவே இல்லை. இந்த நகரத்தில் அதைச் சரியாகக் கேட்ட ஒரே ஒரு ஆள், நிலத்தில் இருந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவனைத்தான் நான் வாயைப் பொத்து என்றேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. "எடியே, இருவது வருசமா எங்களை நித்திரையாக்கினது அவங்களில்லை, நீதானோ!" என்றார். பிறகு நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று, சீடி கொடுத்தவர்களுக்குப் போன் எடுக்கத் தொடங்கினேன். ஒஷாவாவில் சரோ அன்ரி பதறிப்போனா. "ஐயோ அக்கா, உதை மாத்திப் போடாதையுங்கோ. என்ரை பேரனுக்கு உது போட்டாத்தான் நித்திரை வரும். வேகமாக்கினா ஆர் அவனைப் படுக்க வைக்கிறது?" என்றா. குமார் அண்ணைக்கு எடுத்தேன். தன் கையால் இருபத்தைந்து பிரதி எடுத்த மனிதர். முதலில் என் உடம்புச் சுகம் கேட்டார். பிறகு, "தங்கச்சி, உண்மையைச் சொல்லட்டே? நான் முதல் பாட்டுக்கு மேலை கேட்டதேயில்லை. என்ரை சீடியைப் பல்கனியில கட்டித் தூக்கியிருக்கிறன். அது மினுங்கிற மினுக்கத்தில புறா ஒண்டும் வாறேல்லை. நல்ல சாமான்" என்றார். இன்னும் எட்டுப் பேருக்கு எடுத்தேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடமிருந்து தப்பி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் நல்லாயிருக்கு என்று சொல்லத்தானே வேண்டும்?

ஆனால் இதிலிருந்து ஒன்று எனக்குப் பிடிபட்டது, அதை உன் கல்யாணத்துக்குத் தருகிறேன். புத்திமதி என்றால் உனக்குப் பிடிக்காது, இதை என் பிழையென்றே எடுத்துக்கொள். நல்லாயிருக்கு என்று சொன்ன இருபத்தைந்து பேரை நான் என் பக்கம் என்று நினைத்தேன். பிழை என்று சொன்ன உன்னை எதிர்ப்பக்கம் என்று நினைத்தேன். என் பக்கத்தில் இருந்தவன் நீ மட்டும்தான். அம்மாவுக்குப் பிடித்ததென்று நீ ஒருவன்தான் அதை உண்மையாகக் கேட்டிருந்தாய், அறைக்குள் போய் உன் சாக்ஸபோனில் அந்தச் சுரத்தைத் தேடியும் பார்த்திருந்தாய். நாளைக்கு ஆரணி, நீ ஆசையாகச் செய்த ஏதாவது ஒன்றைப் பார்த்து, இது சரியில்லையே என்பாள். வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கும்போது சொல்லுவாள், அதற்கென்றே நேரம் பார்த்த மாதிரி. உனக்கு முகம் சுருங்கும், என் பிள்ளைதானே நீ. அந்த நேரம் அவளை முடிக்க விடு. அவளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டும்போது இப்ப வரும், இப்ப வரும் என்று சொல்லாதே. வருகிறதை அவளே கண்டுபிடிக்கட்டும். அவளுக்குப் பிடிக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவள் கண்ணாடிக்காரப் பெண்ணின் தட்டைக் கொண்டுவந்தால், இரண்டு பக்கமும் முடியும்வரை இருந்து கேள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக என்னை மன்னித்துவிடு, தம்பி. நீ சரி, நான் பிழை. குமார் அண்ணைக்கும் இதைச் சொல்லிவிட்டேன், அவர் சிரித்ததற்கு அவரும் வருத்தம் என்று சொல்லச் சொன்னார். அன்றைக்குச் சாட்சியாக இருந்தவருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

இனி ஒரு விஷயம்தான் இருக்கிறது. நான் அந்தத் தட்டை இன்னும் நாற்பத்தைந்தில் போட்டுக் கேட்கவில்லை. மூன்று கிழமையாகப் பெட்டியில் தட்டு ஏற்றியபடி இருக்கிறது. திருகியை நாற்பத்தைந்துக்குத் திருப்பி வைத்திருக்கிறேன். ஊசியைத் தொடவில்லை. கண்டெடுத்த தட்டைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்வரை பொறுக்க முடியாமல் பஸ்ஸிலேயே உறையைப் பிரிக்கிற என்னைப் பற்றி உனக்குத் தெரியும். அப்பாவுக்கே பொறுக்கவில்லை. "ஒருக்காப் போட்டுப் பாரன், ஆர் அறியப்போறான்?" என்று தினமும் கேட்கிறார். நேற்று, நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்துத் தானே போட முயன்று கையும் களவுமாகப் பிடிபட்டார். இந்த மனிதர் இருபது வருடமாகக் குப்பையோடு தப்பி ஓடியவர்.

வருகிற ஞாயிறு வா. ஆரணியையும் கூட்டிக்கொண்டு வா. றோல்ஸ் பொரிக்கிறேன். ஊசியை நீ வை. எனக்கும் அந்த ஐந்து பேரும் உண்மையில் எப்படி வாசித்தார்கள் என்று இன்னும் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்குப் பிடிக்காமலும் போகலாம், அதற்கும் ஆயத்தமாக இருக்கிறேன். வரும்போது நீ கேட்கிற ஒன்றையும் கொண்டு வா. உனக்கு நல்லதென்று படுகிற எதுவானாலும் சரி, அந்தக் காரில் நிற்பாட்டிய பாட்டானால் இன்னும் சந்தோஷம். இரண்டும் முடியும்வரை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். அப்பா கடிகாரம் வைத்துப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார், பார்க்கட்டும்.

தட்டு சுற்றத் தொடங்கியதும் நீ வாயைத் திறந்து கதை. அன்றைக்கு "ஆல்ட்டோவில் அந்த நோட் இல்லை, அம்மா, அது..." என்று தொடங்கி நிறுத்தினாய். மிச்சத்தைச் சொல்லு. கேட்கிறேன்.

அம்மா